தோஸ்கா, 'எ லுச்சேவன் லே ஸ்தெல்லே': விண்ட் பேண்டுக்கும் டெனர் குரலுக்கும் எழுதும்போது குரல் அமுங்குகிறது

அரைச்சுரம்:

வணக்கம். புச்சீனியின் 'தோஸ்கா' மூன்றாம் அங்கத்தில், விடிந்ததும் சுட்டுக் கொல்லப்படப் போகிற ஓவியன் கவரதோஸ்ஸி பாடும் 'எ லுச்சேவன் லே ஸ்தெல்லே'யை விண்ட் பேண்டு என்னும் ஊதுகருவிக் குழுவுக்கும் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல் ஒன்றுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேண்டில் 42 பேர்: ஃப்ளூட் 4, ஓபோ 1, பசூன் 1, கிளாரினெட் 9, பாஸ் கிளாரினெட் 1, ஆல்டோ சாக்ஸ் 3, டெனர் சாக்ஸ் 2, பாரிடோன் சாக்ஸ் 1, டிரம்பெட் 4, ஹார்ன் 3, டிராம்போன் 4, யூஃபோனியம் 2, டியூபா 2, ஸ்ட்ரிங் பாஸ் 1, தாளக்கருவிகள் 4. ஹார்ப் கிடையாது.

சிக்கிக்கொண்ட இடங்கள்:

மூலம் பி மைனரில் இருக்கிறது. சாக்ஸ், கிளாரினெட் போன்றவற்றுக்கு எழுதும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு என்பதால், ஆல்டோ சாக்ஸ் பார்ட்டில் (வாசிப்பவரின் தாளில்) 5 ஷார்ப் வந்து நிற்கிறது. கீயை மாற்றலாமா, மாற்றினால் எந்தப் பக்கம்?

தொடக்கத்தில் கிளாரினெட் மெட்டு வாசிக்க, குரல் கிட்டத்தட்ட பேச்சுப்போல் போகிறது. அடியில் வயலின் குடும்பம் தாங்கும் நீண்ட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) யாரிடம் கொடுப்பது?

'ஓ தோல்ச்சி பாச்சி' என்ற இடத்திலிருந்து குரல் காணாமல் போகிறது. மூலத்தில் அங்கே தந்திக்கருவிகள் குரலோடு சேர்ந்தே மெட்டை வாசிக்கின்றன. அதை முதல் கிளாரினெட், ஆல்டோ, டெனர் சாக்ஸ், யூஃபோனியம் எல்லோருக்கும் கொடுத்து, கார்டுகளை ஹார்னுக்கும் டிராம்போனுக்கும் பியானிஸ்ஸிமோ (மிக மெல்லிசாக) என்று எழுதினேன். கம்ப்யூட்டரில் ஓட்டினால் அருமையாகக் கேட்கிறது. ஒத்திகையில் பாடகரின் வாய் அசைவதுதான் தெரிகிறது.

முடிவு: ஓபராவில் இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் போய்விடுகிறது. மேடைக்கு எங்கே நிறுத்துவது?

---

நான்காம்ஹார்ன்:

கீயை முதலில் முடித்துவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

பி மைனரில் வைத்தால் கிளாரினெட், டிரம்பெட், டெனர் சாக்ஸ் எல்லாம் சி ஷார்ப் மைனர், 4 ஷார்ப். ஆல்டோவும் பாரிடோனும் ஜி ஷார்ப் மைனர், 5 ஷார்ப். ஹார்ன் எஃப் ஷார்ப் மைனர், 3 ஷார்ப். வாசிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பாட்டு முழுக்க மெதுவான, மெல்லிய, நீண்ட சுரங்கள். இத்தனை ஷார்ப்பில் பேண்டின் சுருதி சேர்வது கடினம், ஒருவர் தப்பாக வாசித்தாலும் உடனே தெரியும்.

அரைச்சுரம் இறக்கினால் பி ஃப்ளாட் மைனர். ஃப்ளூட், ஓபோ, பசூன், டிராம்போன் 5 ஃப்ளாட். கிளாரினெட் குடும்பமும் டிரம்பெட்டும் சி மைனர், 3 ஃப்ளாட். ஆல்டோ, பாரிடோன் ஜி மைனர், 2 ஃப்ளாட். ஹார்ன் எஃப் மைனர், 4 ஃப்ளாட். பித்தளைக்காரர்களுக்கு 5 ஃப்ளாட் பழகிய இடம்தான். குரலின் உச்சமான ஏ, ஏ ஃப்ளாட் ஆகிறது. பெரும்பாலான பாடகர்கள் இந்த அரைச்சுரத்துக்கு நன்றி சொல்வார்கள்.

மேலே ஏற்றி சி மைனரில் வைத்தால் பேண்டுக்குச் சொர்க்கம்: கிளாரினெட்டுக்கு 1 ஃப்ளாட், ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் குரல் பி ஃப்ளாட் வரை போக வேண்டும். 'திஷ்ஷோலியேயா' என்ற சொல்லில் வரும் அந்த உச்ச சுரத்தை நிறைய பாடகர்கள் மென்மையாக இழைத்துப் பாடவே விரும்புவார்கள். அரைச்சுரம் ஏற்றினால் அந்த வழி பலருக்கு அடைபட்டுவிடும். பேண்டின் வசதிக்காகப் பாடகரின் கழுத்தைப் பிடிக்க வேண்டாம்.

என் ஓட்டு பி ஃப்ளாட் மைனருக்கு. ஆனால் ஒரு பார் எழுதும் முன் பாடகரிடம் கேளுங்கள். மூல கீயில் பல ஆண்டு பாடித் தொண்டையில் பதிந்துபோன சிலருக்கு அரைச்சுரம் இறங்கினாலே குரல் திரும்பும் இடம் மாறிவிடும்.

மென்பொருளில் ஒரு பள்ளம் இருக்கிறது. இடைவெளியைச் சொல்லிக் கீ மாற்றும்போது 'மைனர் செகண்ட் கீழே' என்று கொடுத்தால் பி மைனர் ஏ ஷார்ப் மைனராகும், 7 ஷார்ப். கொடுக்க வேண்டியது 'ஆக்மெண்டட் யூனிசன் கீழே'. அப்போதுதான் பி ஃப்ளாட் வரும். மாற்றிய பிறகு தற்காலிக ஷார்ப், ஃப்ளாட் எல்லாவற்றையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். எதற்கு எந்தப் பெயர் என்பதை மென்பொருள் எப்போதும் சரியாகத் தேர்ந்தெடுக்காது.

பியானோ சுருக்கத்தை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அதில் இருக்கும் விரல் நடுக்கமும் உடைந்த கார்டுகளும் பியானோவில் ஒலி தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ரிக்கோர்டி பதிப்பகத்தின் பழைய முழு ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த தாள்) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதைப் பாருங்கள். உரிமைத் தொல்லையும் இல்லை: ஓபரா முதலில் மேடையேறியது 1900 ஜனவரி 14, ரோமில். வசனக் கவிஞர்களில் ஜாக்கோசா 1906-இலும் இல்லிக்கா 1919-இலும் போனார்கள், புச்சீனி 1924-இல். ஆனால் யாரோ பதிப்பித்த நவீன பேண்டு வடிவத்திலிருந்து நகலெடுத்தால் அந்த ஏற்பாட்டாளரின் உரிமை குறுக்கே வரும்.

---

டியூபா42:

குரல் அமுங்குவதற்குக் காரணம் ஒலியின் அளவு மட்டும் இல்லை. 'இன்னும் மெதுவாக' என்று ஒத்திகையில் எத்தனை தடவை சொன்னாலும் இது தீராது. எழுத்திலேயே தீர்க்க வேண்டும்.

டெனர் குரல் 'ஓ தோல்ச்சி பாச்சி'க்குப் பிறகு பெரும்பாலும் நடு சி-யிலிருந்து அதற்கு மேலுள்ள ஏ வரை உலவுகிறது. உங்கள் பேண்டில் அதே வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: ஹார்ன் 3, டெனர் சாக்ஸ் 2, யூஃபோனியம் 2, மேல் டிராம்போன் 2, ஆல்டோவின் கீழ்ப்பாதி, கிளாரினெட்டின் அடிப்பகுதி. ஆர்கெஸ்ட்ராவில் அந்த இடத்தில் வயோலாவும் செல்லோவும் இருக்கும், தந்தியின் ஒலி குரலுக்கு வழிவிடும். பேண்டின் எடை முழுவதும் டெனரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆக முதல் வேலை அந்த வீட்டைக் காலி செய்வது.

இரண்டாவது, ஓசையின் நிறம். பயிற்சி பெற்ற டெனர் குரலில் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றல் குவிந்திருக்கும். குரல் ஒலியியல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து காட்டினார். ஆர்கெஸ்ட்ராவின் ஆற்றல் சுமார் 500 ஹெர்ட்ஸில் உச்சம் தொட்டு மேலே போகப்போகச் சரிவதால், மைக் இல்லாமலே ஒரு மனிதக் குரல் அதைத் தாண்டி வருகிறது. டிரம்பெட்டும் டிராம்போனும் கொஞ்சம் அழுத்தி ஊதினாலே அந்த 3,000 பக்கத்தை நிரப்பிவிடும். ஸ்ட்ரெய்ட் மியூட் (கருவியின் வாயில் செருகும் ஒலியடக்கி) போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அடியோசையைக் குறைத்து மேலோசையைத் தூக்கிக் காட்டும், பாடகருக்கு இன்னும் கெடுதல். மியூட் வேண்டுமென்றால் கப் மியூட்.

இனி நீங்கள் எழுதியதற்கு வருகிறேன்.

டெனர் சாக்ஸும் யூஃபோனியமும் குரலோடு ஒரே ஸ்தாயியில் மெட்டு வாசிக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரே உயரம், ஒத்த நிறம். கேட்பவர் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும், சொல் கரைந்துவிடும். அதோடு பாடகர் ஒரு சுரத்தைச் சற்றே தாங்கி வருடும் இடத்தில் கருவி நேராகப் போகும், உடனே சுருதி பேதம் தெரியும்.

ஆனால் இரட்டிப்பே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். தந்திகள் மெட்டைப் பாடகரோடு சேர்ந்து இழுப்பதுதான் புச்சீனியின் கையெழுத்து. அதை முழுக்க எடுத்துவிட்டால் பாட்டு மெலிந்துபோகும். குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே வையுங்கள்: 2 ஃப்ளூட், 2 கிளாரினெட். அந்த உயரத்தில் ஃப்ளூட் அதன் கீழ், நடுப் பகுதியில்தான் இருக்கும், தானாகவே மெல்லிசாக வரும். ஒரு ஸ்தாயி கீழே பசூன் ஒன்று, அல்லது பாஸ் கிளாரினெட் ஒன்று. குரல் நடுவில் தனியாக நிற்கட்டும். இந்த மேலும் கீழுமான சட்டமே தந்திகளின் அகலத்தைக் கொடுத்துவிடும்.

கார்டின் உள்சுரங்களைக் குரலுக்குக் கீழே தள்ளுங்கள், ஆனால் நெருக்கி அடுக்காதீர்கள். நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கினால் மூன்றாம் சுரம் வேண்டாம், ஐந்தாம் சுரமும் ஆதார சுரமும் போதும். இல்லையென்றால் சேறாகும்.

குரல் நகரும்போது உள்சுரங்கள் நிற்கட்டும், குரல் நிற்கும்போது அவை நகரட்டும். ஹார்னுக்கு அழகான எதிர்மெட்டு எழுத ஆசை வரும். குரல் நீண்ட சுரம் பிடிக்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள்.

தொடக்கத்துக் கார்டுகளுக்கு: இரண்டாம், மூன்றாம் கிளாரினெட்டில் தலா 2 பேர், அடிப்பகுதியில், பாஸ் கிளாரினெட், ஸ்ட்ரிங் பாஸ். அவ்வளவுதான், 6 பேர். மெட்டு வாசிப்பவரைச் சேர்த்தால் 7. மீதி 35 பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேண்டுக்கு எழுதுபவர்களுக்கு இதுதான் மனம் வராத காரியம். குரல் அங்கே தாழ்ந்த பகுதியில் முணுமுணுப்பாகப் போகிறது. பாட்டிலேயே சுலபமாக அமுங்கக்கூடிய இடம் அதுதான், உச்ச சுரம் வரும் இடம் இல்லை.

பியானிஸ்ஸிமோ என்ற குறியீட்டை நம்பாதீர்கள். 9 கிளாரினெட் வாசிக்கும் பியானிஸ்ஸிமோவும் 2 கிளாரினெட் வாசிக்கும் பியானிஸ்ஸிமோவும் வேறு வேறு. பார்ட்டில் 'ஒருவர் மட்டும்', 'இருவர்', 'எல்லோரும்' என்று தலையின் எண்ணிக்கையை எழுதுங்கள். கம்ப்யூட்டரில் கேட்டது ஏமாற்றியதும் இதனால்தான். அதில் குரலின் ஒலியை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

தந்தி நடுக்கம் வரும் இடங்களில் ஊதுகருவியை நாக்கால் படபடக்க வைக்காதீர்கள். சுரத்தைத் தாங்கி நிறுத்தி, அடியில் டிம்பனி (சுருதி வைத்த பெரிய முரசு) உருட்டல் மிக மெல்லிசாக, மென்மையான குச்சியால் போதும். டிம்பனியில் பி ஃப்ளாட்டும் எஃப்-ம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஹார்ப் இல்லாத குறைக்கு வைப்ரஃபோன், மோட்டார் நிறுத்தி, பெடலோடு, நூல் சுற்றிய குச்சியால்.

---

கட்டைநாணல்:

கிளாரினெட் மெட்டைப் பற்றி யாரும் தொடவில்லை. இந்தப் பாட்டின் முதல் பாதியில் கதாநாயகன் கிளாரினெட்தான், பாடகர் அதன்மேல் நினைவைப் பேசுகிறார். அந்த மெட்டை முதல் கிளாரினெட் வாசிக்கும் எல்லோருக்கும் கொடுத்து, 'எல்லோரும் மெதுவாக' என்று எழுதிய பேண்டு வடிவங்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. ஒருவர். ஒருவர் மட்டும். இரண்டு பேர் சேர்ந்தால்கூட அந்தத் தயக்கமும் நெகிழ்வும் போய்விடும்.

பி ஃப்ளாட் மைனரில் கிளாரினெட் எழுத்து சி மைனர். கிளாரினெட்டில் எழுதும் ஜி, ஜி ஷார்ப், ஏ, பி ஃப்ளாட் ஆகிய நான்கும் தொண்டைச் சுரங்கள். ஒலி மங்கி, சுருதி நிலையில்லாமல் வரும். இந்தக் கீயின் ஐந்தாம் சுரம் ஒலியில் எஃப், எழுத்தில் அதே ஜி. மெட்டு அங்கே நீடித்து நிற்கும் இடங்களை ஸ்கோரிலேயே குறித்துவையுங்கள். வாசிப்பவர் வலது கை விரல்கள் சிலவற்றை மூடிவைத்து அந்தச் சுரத்துக்கு உடல் சேர்த்துக்கொள்வார். எந்த விரல் என்பது கருவிக்குக் கருவி மாறும், அவரே தேடட்டும்.

டியூபா42 சொன்ன ஃப்ளூட், கிளாரினெட் ஜோடியில் ஒரு எச்சரிக்கை. மெல்லிசாக வாசிக்கும்போது கிளாரினெட் சுருதி ஏறும், ஃப்ளூட் இறங்கும். இரண்டையும் ஒரே வரியில் மிக மெல்லிசாகப் போட்டால் நடுவில் ஒரு கீறல் விழும். இரண்டில் ஒன்றை ஒரு படி கூடுதலாக எழுதுங்கள்: ஃப்ளூட்டுக்குப் பியானோ (மெல்லிசாக) என்ற குறி, கிளாரினெட்டுக்குப் பியானிஸ்ஸிமோ. அப்போது ஃப்ளூட்காரர் சுருதியைத் தாங்க முடியும், கிளாரினெட் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

மூச்சு: தந்தி கார்டுகளுக்கு மூச்சு வேண்டாம், நாணல் வைத்து ஊதும் கருவிகளுக்கு வேண்டும். இரண்டிரண்டு பேர் இருக்கும் வரியில் ஒருவர் பார் கோட்டுக்கு முன்னும் மற்றவர் அதற்கு ஒன்றரை பார் பின்னும் மூச்செடுக்கும்படி பார்ட்டிலேயே குறியிடுங்கள். 'மாறி மாறி' என்று பொதுவாக எழுதினால் இருவரும் ஒரே இடத்தில்தான் எடுப்பார்கள், ஏனென்றால் இயல்பான இடம் ஒன்றுதான்.

ஓபோவையும் ஆல்டோவின் கீழ்ச்சுரங்களையும் மெல்லிய கார்டில் வைக்காதீர்கள். அந்தப் பகுதியில் இரண்டும் மெல்லிசாகப் பேசாது, முரட்டுத்தனமாக வெடித்துத் தொடங்கும்.

---

அரைச்சுரம்:

மிகுந்த நன்றி. ஒரு சந்தேகம். இத்தாலியத் தெருப் பேண்டுகள் இந்தப் பாட்டை வாசிக்கும் பதிவுகளில் யூஃபோனியம்போல் ஒரு கருவிதான் மெட்டு முழுவதையும் வாசிக்கிறது, மிக அழகாகவும் இருக்கிறது. அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு மேலே குரலைச் சேர்த்தால் ஆகாதா?

---

வெண்கலவாசி:

ஆகாது. அந்த வடிவத்தில் அந்தக் கருவிதான் பாடகர்.

இத்தாலியில், குறிப்பாகத் தெற்கே பூலியா பக்கம், ஊர்த் திருவிழாக்களில் விளக்கு அலங்கார மேடை கட்டி பேண்டுகள் ஓபரா வாசிப்பது நெடுநாள் வழக்கம். ஓபரா அரங்கமே இல்லாத ஊர்களுக்கு வெர்தியும் புச்சீனியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பேண்டுகளில் ஃப்ளிகோர்னோ என்ற கருவிக் குடும்பம் உண்டு, ஃப்ளூகல்ஹார்ன் என்னும் மென்மையான பித்தளைக் கருவியின் உறவு. சொப்ரானோ ஃப்ளிகோர்னோ நாயகியைப் பாடும், டெனர் ஃப்ளிகோர்னோ நாயகனைப் பாடும், பாரிடோன் ஃப்ளிகோர்னோ வில்லனை. நீங்கள் கேட்டது பெரும்பாலும் அவற்றில் ஒன்றாக இருக்கும். 1885 முதல் ரோம் நகர பேண்டை நடத்திய அலெஸ்ஸாந்த்ரோ வெஸ்ஸெல்லாதான் இத்தாலியப் பேண்டின் கருவி அமைப்பை ஒழுங்குபடுத்தியவர். அந்த அமைப்பிலும் இந்தக் குடும்பத்துக்கு முக்கிய இடம்.

ஆக அந்தப் பேண்டு எழுத்து முழுவதும் ஒரு உலோகக் குரலுக்குத் தாங்கலாக எழுதியது. அது மனிதக் குரலைவிட வலுவாக, இடைவிடாமல் ஒலிக்கும். அடியில் இருக்கும் துணையும் அந்த அளவுக்குக் கனமாக இருக்கும். மெட்டு வரியை மட்டும் உருவிவிட்டு மனிதரை நிறுத்தினால் துணை அவரை விழுங்கும். சொற்களும் சிக்கல்: கருவிக்காரர் மெட்டைத் தன் மூச்சுக்கு ஏற்ப வெட்டியிருப்பார், பாடகர் சொல்லுக்கு ஏற்ப வெட்டுவார். இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

அந்த வடிவத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: எந்த இடத்தில் சுத்தமாக மௌனமாகிறார்கள் என்று பாருங்கள்.

யூஃபோனியத்துக்கு உங்கள் ஏற்பாட்டில் நல்ல இடம் ஒன்று உண்டு. இந்தப் பாட்டுக்கு முன்னால், கவரதோஸ்ஸி கடிதம் எழுதத் தொடங்கும்போது, நான்கு தனிச் செல்லோக்கள் முதல் அங்கக் காதல் மெட்டை நினைவூட்டும். அதைச் சேர்ப்பதானால் யூஃபோனியம் 2, பசூன், பாஸ் கிளாரினெட் என்று நால்வர். குரல் இல்லாத இடம் என்பதால் அந்த நிறம் அங்கே பொருந்தும். கிளாரினெட் மெட்டிலிருந்தே நேராகத் தொடங்கினாலும் தவறில்லை, கச்சேரியில் பெரும்பாலும் அப்படித்தான்.

---

மேல்கோடு:

நடத்துபவரின் பக்கத்திலிருந்து. குரல் அமுங்குவதைவிட அதிகமாக மேடையில் கெடுவது ஒருங்கிணைப்பு. இந்தப் பாட்டில் ஒரு பாரும் மெட்ரோனோமுக்கு உட்காராது. பாடகர் 'லோரா எ ஃபுஜ்ஜீத்தா' என்பதில் முன்னே தள்ளுவார், 'தான்தோ லா வீத்தா'வில் இழுப்பார், இரண்டும் ஒவ்வொரு இரவும் வேறு அளவில்.

எழுத்தில் செய்யக்கூடியது: நெகிழும் பார்களில் நகரும் வரிகளைக் குறையுங்கள். 3 கருவிகள் அசைந்தால் பிடித்துவிடலாம், 12 கருவிகள் அரைத் தட்டு நீளச் சுரங்களில் அசைந்தால் யாராலும் முடியாது. மற்றவர்களுக்கு நீண்ட சுரம், அடுத்த பாரின் முதல் தட்டில் மாறட்டும். இறுதிச் சுரம் மேல் நிறுத்தம் வரும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே நீளச் சுரம் எழுதுங்கள். சிலருக்கு இரண்டு தட்டுச் சுரமும் சிலருக்கு ஒரு தட்டுச் சுரமும் ஓய்வும் என்று இருந்தால், நிறுத்தக் குறியைச் சிலர் ஓய்வின்மேல் படித்துவிட்டு முன்னே போய்விடுவார்கள்.

எல்லாப் பார்ட்டிலும் குரல் வரியைச் சிறிய எழுத்தில் சொற்களோடு போடுங்கள், குறைந்தது ஒவ்வொரு நுழைவுக்கு முன் 2 பார். சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டாலும் சரி, வாசிப்பவர் காதால் அடையாளம் காண வேண்டும், அதுதான் நோக்கம். 'கோல் காந்தோ' (குரலோடு போ) என்று மட்டும் எழுதி 20 பார் ஓய்வு விட்டால் மூன்றாம் டிராம்போன் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஒத்திகை எழுத்துகளையும் (எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் அடையாளங்கள்) பத்துப் பாருக்கு ஒன்று என்று வைக்காமல் வரியின் தொடக்கத்தில் வையுங்கள்: கிளாரினெட் தொடக்கம் ஏ, குரல் நுழைவு பி, 'ஓ தோல்ச்சி' சி, 'ஸ்வானி' டி, பேண்டின் முடிவுப் பகுதி இ.

ஓபோவும் பசூனும் ஒருவர் ஒருவர்தான் இருக்கிறார்கள். வராத நாளில் யார் வாசிப்பது என்று சிறிய எழுத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். பசூனுக்குப் பதில் பாஸ் கிளாரினெட். பாஸ் கிளாரினெட் ஏற்கெனவே வேறு வரியில் இருந்தால் இரண்டாம் யூஃபோனியம், கப் மியூட் இருந்தால் மியூட்டோடு.

முடிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். குரல் நின்றதும் ஆர்கெஸ்ட்ரா அதே மெட்டை முழு வலுவோடு எடுக்கிறது. 42 பேரும் முதன்முறையாகச் சேர்ந்து வாசிக்க வேண்டிய இடம் இதுதான், முந்தைய மூன்று நிமிடமும் அடக்கி வைத்ததன் பயன் இங்கேதான் கிடைக்கும். டிரம்பெட், டிராம்போன், டெனர் சாக்ஸ் எல்லோரும் மெட்டில் வரலாம். அந்த வரி முடிந்ததும் பி ஃப்ளாட் மைனர் கார்டில் நிறுத்துங்கள். மேஜராக மாற்றி ஒளியேற்ற வேண்டாம், கூடுதல் வால் பகுதி வேண்டாம். புச்சீனி முழு ஓபராவையே இந்த மெட்டின் இடியோடுதான் முடிக்கிறார், அங்கே ஈ ஃப்ளாட் மைனரில், நாயகி தோஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதித்த பிறகு.

கடைசிச் சொல்லுக்கும் பேண்டு நுழைவுக்கும் இடையில் மட்டும் கவனம். பாடகர் கடைசி சுரத்தை விடுவதற்கு முன்பே பேண்டு வெடித்தால் அவர் முடிவு யாருக்கும் கேட்காது. நுழைவுக்கு முன் டிம்பனி உருட்டல் ஒரு தட்டு நீளம், அங்கிருந்து வளர்ந்து வரட்டும்.

---

புதுநாணல்:

இடையில் ஒரு கேள்வி. புச்சீனியின் 'துரந்தோத்' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் தோர்மா'வுக்கும் இதே கணக்குதானா?

---

நான்காம்ஹார்ன்:

கீ கணக்கு அதே மாதிரி. மெட்டு விரியும் பகுதி டி மேஜர், கிளாரினெட்டுக்கு 4 ஷார்ப், ஆல்டோவுக்கு 5. அரைச்சுரம் இறக்கினால் டி ஃப்ளாட்: கிளாரினெட்டுக்கு 3 ஃப்ளாட், ஆல்டோவுக்கு 2. உச்சத்து பி, பி ஃப்ளாட் ஆகும். ஈ ஃப்ளாட்டுக்கு ஏற்றினால் பேண்டு மகிழும், பாடகர் சி பாட வேண்டும், வேண்டவே வேண்டாம்.

வேறுபடுவது இரண்டு. நடுவில் மேடைக்கு அப்பாலிருந்து பெண்கள் கோரஸ் பாடுவார்கள். அதை விட்டுவிட்டால் அந்தப் பார்களில் பேண்டு காத்திருப்பதுபோல் ஒலிக்கும். 2 ஃப்ளூட்டும் வைப்ரஃபோனும் போதும், அல்லது வாசிக்காமல் இருக்கும் உறுப்பினர்கள் நாலைந்து பேர் மேடைக்குப் பின்னால் நின்று பாடலாம். இரண்டாவது, ஓபராவில் பாட்டு முடியாமல் பிங் என்ற அமைச்சர் பாத்திரம் நுழைந்துவிடும், கச்சேரி முடிவு தனியாக எழுத வேண்டும். உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'துரந்தோத்' முதல் மேடை 1926, வசனக் கவிஞர்களில் ரெனாத்தோ சிமோனி 1952 வரை இருந்தார். இறந்த பிறகு 70 ஆண்டு என்று கணக்கு வைக்கும் ஐரோப்பிய நாடுகளில் 2022 முடிவில்தான் காலம் தீர்ந்தது.

---

அரைச்சுரம்:

திருத்தி எழுதினேன். பி ஃப்ளாட் மைனர், பாடகர் சரி என்றார். ஏ, பி: தனிக் கிளாரினெட், அடியில் கிளாரினெட் 4, பாஸ் கிளாரினெட், ஸ்ட்ரிங் பாஸ். சி: மேல் ஸ்தாயியில் ஃப்ளூட் 2, கிளாரினெட் 2, கீழ் ஸ்தாயியில் பசூன், கார்டு மீதி கிளாரினெட்டும் ஹார்ன் 2-ம், அடியில் டியூபா 1, ஸ்ட்ரிங் பாஸ். டி: மேலே ஓபோ சேரும், ஹார்ன் 3, டிராம்போன் 2 கப் மியூட், பாரிடோன் சாக்ஸ், டிம்பனி. இ: எல்லோரும். திறந்தவெளி மேடை என்பதால் பாடகருக்கு மைக் இருக்கும். அதனால் டி-யில் ஆல்டோவைச் சேர்க்கலாமா?

---

டியூபா42:

மைக் இருப்பதற்காக எழுத்தைத் தடிமனாக்காதீர்கள். பாடகருக்குப் பின்னால் பேண்டு உட்கார்ந்தால் அவருடைய மைக்கில் பேண்டும் சேர்ந்தே ஏறும். குரலை உயர்த்த உயர்த்த ஹார்னும் உயரும். பாடகரை நடத்துபவரின் இடப்பக்கம், அவர் வாய் தெரியும்படி, முதல் வரிசைக்கு ஒரு மீட்டராவது முன்னால் நிறுத்துங்கள். டிரம்பெட் மணிகள் நேராக அவர் முதுகைப் பார்க்காமல் இருக்கட்டும்.

ஆல்டோவை டி-யில் சேர்க்க வேண்டாம். சேர்ப்பதானால் 'ஸ்வானி'க்கு அல்ல, 'எ முவோயோ திஸ்பெராத்தோ'வில் குரல் நீண்டு நிற்கும்போது உள்சுரம் நகரும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும், ஒருவர். பாரிடோன் சாக்ஸ் டி-யில் டியூபாவோடு ஒரே சுரத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள், கீழ்ச்சுரங்களை அது மெல்லிசாக வாசிக்காது. இ-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சி-யில் டியூபா ஒன்றென்று எழுதியது சரி. பார்ட்டிலும் அப்படியே எழுதினீர்களா என்று பாருங்கள். ஸ்கோரில் 'ஒருவர்' என்று இருந்து பிரித்தெடுத்த பார்ட்டில் அது விழாமல் போவது மென்பொருளில் அடிக்கடி நடக்கிறது. அந்தச் சொல் ஸ்டாஃப் உரையாக (அந்தக் கருவியின் வரிக்கு மட்டும் உரியதாக) ஒட்டியிருக்க வேண்டும். சிஸ்டம் உரையாகப் போட்டால் எல்லோருடைய பார்ட்டிலும் ஏறி, இ-யிலும் ஒருவரே வாசிப்பார்கள்.